கடலுக்கு அடியில் ஒரு வாரம்!

மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு முழுக்கு. தலையைத் தூக்கி ஒரு மூச்சு. சமுத்திர ஸ்நானம் என்றால் நம்மில் பெரும்பாலோருக்குத் தெரிந்தது இவ்வளவுதான். முழுக்குக்கும் மூச்சுக்கும் நடுவே கண்ணைத் திறந்து பார்த்தவர்கள் எத்தனை பேர்? திறந்தாலும் எரிச்சல்தான் மிச்சம்.

ஆனால் முதுகில் காற்று அடைத்த சிலிண்டர், முகத்தில் கண்ணாடிக் கவசம், காலில் வாத்துப் பாதம் போன்ற ரப்பர் துடுப்பு, இவற்றுடன் இறங்கினால் முக்கால் மணி, ஒரு மணி நேரம்கூட நீருக்கடியில் நிம்மதியாக உலாவி வரலாம். இதற்குத்தான் 'ஸ்கூபா' என்று பெயர். 1943-ம் ஆண்டில் பிரான்ஸ் தேசத்தில் ழாக் கூஸ்தோ என்ற கடற்படை அதிகாரியும் எமில் கான்யான் என்ற இன்ஜினீயரும் சேர்ந்து செய்த ஒரு சிறிய கருவிதான் இந்தக் கலையை உலகமெங்கும் பரப்பிற்று. உறிஞ்சினால் மட்டும் காற்றைக் கொடுப்பது, எந்த ஆழத்தில் இருக்கிறோமோ அந்த ஆழத்துக்கு ஏற்ற அழுத்தத்தில் கொடுப்பது, இந்த இரண்டுதான் அந்தக் கருவியின் சாமர்த்தியம்.

"இதெல்லாம் ஆண்பிள்ளைகள் சமாசாரம், நமக்கு எதற்கு?" என்று பக்கத்தைப் புரட்டப் பார்க்கிறீர்களா, சகோதரி? ஒரு நிமிஷம் பொறுங்கள்! 1970-ல் அமெரிக்காவுக்குச் சொந்தமான கரிபியன் தீவு ஒன்றில், சுமார் 50 அடி ஆழத்தில் கட்டப்பட்ட ஒரு வீட்டில், ஸில்வியா ஏர்ல் என்ற விஞ்ஞானியின் தலைமையில் ஐந்து பெண்கள் இரண்டு வாரம் குடித்தனமே நடத்தினார்கள். சாப்பாடு, தூக்கம், ஆராய்ச்சி எல்லாம் தண்ணீருக்கு அடியில்தான்! நாம் அவ்வளவு தூரம் போக வேண்டாம். நாளைக்கு இரண்டு முறை இறங்கி ஏறினால் போதும். எங்கே போவது, எப்போது போவது, எப்படித் தயாராவது, எதற்கு அஞ்சுவது, எதற்கு அஞ்ச வேண்டாம் என்பதைத்தான் இங்கே சொல்லப்போகிறோம்.

எந்தத் தீவு?

கரிபியன் கடலில் தீவுகளுக்குப் பஞ்சம் இல்லை. ஆனால் முதன்முறை போகிறவர்களுக்கு, அதிலும் குடும்பத்தோடு போகிறவர்களுக்கு, ஒரு தீவைச் சொல் என்றால் பொனேர் தீவைத்தான் சொல்லத் தோன்றுகிறது.

தென் அமெரிக்காவில் வெனிசுலா தேசத்துக் கரையிலிருந்து சுமார் 80 கிலோமீட்டர் வடக்கே இருக்கிறது பொனேர். விஸ்தீரணம் 288 சதுர கிலோமீட்டர். ஜனத்தொகை சுமார் 25 ஆயிரம். நம் ஊர்ப்பக்கத்து நடுத்தரமான டவுன் ஒன்றின் ஜனங்கள் ஒரு தீவு முழுவதும் பரவியிருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். நெதர்லாந்து தேசத்தின் ஆட்சிக்கு உட்பட்டது. 2010-ம் ஆண்டு அக்டோபர் 10-ந் தேதியிலிருந்து அந்நாட்டின் விசேஷ நகராட்சி என்ற அந்தஸ்து. ஆனால் புழங்கும் பணமோ அமெரிக்க டாலர்! அரசாங்க பாஷை டச்சு. வீட்டிலும் கடையிலும் பேசுவது பாப்பியமெந்து என்ற இனிமையான கலப்பு பாஷை. இங்கிலீஷும் ஸ்பானிஷும் தாராளமாகச் செலாவணி ஆகும். தலைநகரின் பெயர் கிராலெண்டைக். 'பவளக் கரை' என்று அர்த்தம்.

பெயருக்கு ஏற்றாற்போல் பவளப் பாறைகள்தான் இத்தீவின் செல்வம். மற்ற இடங்களில் பவளப் பாறையைக் காண வேண்டுமானால் படகேறிப் போக வேண்டும். அலையில் படகு ஆட, வயிறு குமட்ட, பாதிப் பேருக்கு ஆசையே போய்விடும். பொனேரிலோ மேற்குக் கரையில் பல இடங்களில் கரையிலிருந்து நீந்திப் போகிற தூரத்திலேயே பாறை தொடங்கிவிடுகிறது. கடற்கரைச் சாலை ஓரமாக மஞ்சள் வர்ணம் பூசிய கற்கள் கிடக்கும். ஒவ்வொன்றிலும் ஒரு பெயர் எழுதியிருக்கும். கல்லைக் கண்டதும் வண்டியை நிறுத்த வேண்டியது, சிலிண்டரை மாட்டிக்கொள்ள வேண்டியது, நடந்தே கடலில் இறங்க வேண்டியது. எண்பதுக்கு மேற்பட்ட இடங்கள். அவற்றில் ஐம்பதுக்குக் குறையாதவை கரையிலிருந்தே போகக் கூடியவை.

இன்னொரு சௌகரியம், கரிபியன் தீவுகளை ஆட்டிப் படைக்கும் சூறாவளிகளின் முக்கியமான பாதைக்கு இது தெற்கே ஒதுங்கியிருக்கிறது. அடியோடு அபாயமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. 1999 நவம்பரில் 'லென்னி' என்ற சூறாவளி வழக்கத்துக்கு மாறாக மேற்கேயிருந்து கிழக்கே வந்தது. அது எழுப்பிய அலைகள் அமைதியான அந்த மேற்குக் கரையிலேயே மோதி, ஆழம் குறைந்த இடத்துப் பவளங்களை நொறுக்கிவிட்டன. ஆனாலும் அக்கம்பக்கத்துத் தீவுகளோடு ஒப்பிட்டால் பொனேர் பாக்கியசாலிதான்.

ஒரு மாலுமியின் மனமாற்றம்

1962-ல் ஒரு பழைய பாய்க்கப்பலில் வந்து சேர்ந்தார் டான் ஸ்டூவர்ட் என்ற அமெரிக்கர். வந்தவர் தங்கியே விட்டார். 'கேப்டன் டான்' என்று தீவே அவரைச் செல்லமாக அழைத்தது. ஆரம்பத்தில் அவரும் நீருக்கடியில் ஈட்டி எய்து மீன் பிடித்தவர்தான். நாளாவட்டத்தில், கொன்று கொண்டுவரும் மீனைவிட, உயிரோடு நீந்துகிற மீனைக் காட்டினால்தான் தீவு பிழைக்கும் என்பது அவருக்குப் புலனாயிற்று. அவரைப் போன்றவர்களின் முயற்சியால் 1971-ல் ஈட்டி எய்வது சட்டவிரோதமாயிற்று. 1979-ல் தீவைச் சுற்றியுள்ள கடல் முழுவதும், கரையிலிருந்து 60 மீட்டர் ஆழம் வரையில், பாதுகாக்கப்பட்ட கடல் பூங்காவாயிற்று. கேப்டன் டான் 2014-ல் காலமானார். ஆனால் இன்று நாம் இறங்கிப் பார்க்க அங்கே ஏதாவது மிஞ்சியிருக்கிறது என்றால், பக்கத்து ஊர்கள் யோசிக்காத காலத்தில் இந்தச் சின்னத் தீவு யோசித்ததுதான் காரணம்.

ஆறு மாதத்துக்கு முன்பே

பெண்ணுக்கு வரன் பார்ப்பதுபோல் இதற்கும் முன்னேற்பாடு வேண்டும். முதல் வேலை, நீச்சல். "எனக்கு நீந்தவே தெரியாதே!" என்கிறீர்களா? அதற்குத்தான் ஆறு மாதம் என்றது. பந்தயத்தில் நீந்துகிற வேகம் தேவையில்லை. நிற்காமல் 200 மீட்டர் நீந்தவும், பத்து நிமிஷம் தண்ணீரில் மிதக்கவும் தெரிந்தால் ஸ்கூபா பள்ளிகள் சேர்த்துக்கொள்ளும். நகரங்களில் பெண்களுக்கென்று தனி நேரம் ஒதுக்கிய நீச்சல் குளங்கள் இருக்கின்றன. தினம் அரை மணி போய் வந்தால் போதும்.

இரண்டாவது வேலை, டாக்டர். ஸ்கூபா பள்ளியில் ஒரு கேள்வித் தாள் கொடுப்பார்கள். இருதயக் கோளாறு, ஆஸ்துமா, வலிப்பு, காது அறுவை, நுரையீரல் உபாதை இவற்றில் ஏதாவது உண்டா என்று கேட்டிருக்கும். கல்யாணத் தரகரிடம் மறைப்பதுபோல் இங்கே எதையும் மறைக்கக் கூடாது. மேலே மாத்திரையால் அடங்கியிருக்கும் வியாதி, கீழே அடங்காமல் போகலாம். ஒன்றுக்காவது 'ஆம்' என்று பதில் எழுத நேர்ந்தால், இத்துறை தெரிந்த டாக்டரின் சம்மதம் வாங்கிய பிறகே மேற்கொண்டு பேச்சு.

பெண்களுக்கென்று இரண்டு விஷயம். கர்ப்பமாக இருப்பவர்கள், இருக்கலாமோ என்ற சந்தேகம் உள்ளவர்கள்கூட, ஸ்கூபாவில் இறங்கவே கூடாது. அழுத்த மாறுதல் வயிற்றிலுள்ள சிசுவை எப்படிப் பாதிக்கும் என்று யாரும் பரீட்சித்துப் பார்க்க முடியாதல்லவா? அதனால்தான் இந்தக் கண்டிப்பு. குழந்தை பிறந்து, உடம்பு தேறி, டாக்டர் சரி என்ற பிறகு தாராளமாகப் போகலாம். கடல் எங்கும் ஓடிவிடாது. இரண்டாவது, மாதவிலக்கு நாட்களில் இறங்கினால் சுறா மீன் மோப்பம் பிடித்து வரும் என்ற பயம். இது வெறும் கட்டுக்கதை. உடம்பு சௌகரியமாக இருந்தால் இறங்கலாம். அசௌகரியமாக இருந்தால் கரையில் ஓய்வெடுக்கலாம்.

மூன்றாவது வேலை, பாடம். முதல் பட்டமான 'ஓப்பன் வாட்டர்' படிப்பு மூன்று நான்கு நாளில் முடியக்கூடியது. புத்தகப் பாடம், குளத்தில் பயிற்சி, பிறகு கடலில் நான்கு முறை இறக்கம். பட்டம் பெற்றவர் 18 மீட்டர் வரை இறங்கலாம். பத்து வயதுக் குழந்தைகளும் படிக்கலாம். அவர்களுக்கு 12 மீட்டர்தான் எல்லை, பெரியவர்கள் துணையும் வேண்டும். புத்தகப் பாடத்தையும் குளத்துப் பயிற்சியையும் ஊரிலேயே முடித்துக்கொண்டு, கடல் இறக்கத்தை மட்டும் தீவுக்கு வைத்துக்கொள்ளவும் வழி உண்டு. விடுமுறை நாளை வகுப்பில் கழிக்க வேண்டாம் பாருங்கள்!

சோடா புட்டியும் பலூனும்

பாடத்தில் வரும் எல்லாவற்றையும் இங்கே சொல்ல முடியாது. ஆனால் இரண்டு விஷயங்கள் புரிந்துவிட்டால் ஸ்கூபாவில் முக்கால் பங்கு புரிந்த மாதிரி.

முதலாவது பலூன். பத்து மீட்டர் இறங்கினால் உடம்பின் மேல் உள்ள அழுத்தம் இரண்டு மடங்காகிறது. இருபது மீட்டரில் மூன்று மடங்கு. பத்து மீட்டர் ஆழத்தில் ஒரு பலூனில் காற்றை ஊதி முடிச்சுப் போட்டு மேலே விட்டால், நீர்மட்டத்துக்கு வருவதற்குள் அது இரண்டு பங்கு பெரிதாகிவிடும். நம் நுரையீரலும் ஒரு பலூன்தான். கீழே மூச்சை நிறைய இழுத்து, அதை அடக்கியபடியே மேலே வந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆகவே ஸ்கூபாவின் முதல் கட்டளை: மூச்சை ஒருபோதும் அடக்காதே! பிராணாயாமத்தில் கும்பகம் பழகியவர்கள் அதை வீட்டோடு வைத்துவிட்டு வர வேண்டும். இங்கே இழுப்பதும் விடுவதும் தாலாட்டுப்போல் ஓயாமல் நடக்க வேண்டும்.

இரண்டாவது சோடா புட்டி. கோலி சோடாவைத் திறந்ததும் நுரைத்துப் பொங்குகிறதே, ஏன்? அழுத்தத்தில் நீரோடு கலந்திருந்த வாயு, அழுத்தம் சட்டென்று குறைந்ததும் குமிழாக வெளிப்படுகிறது. ஆழத்தில் நாம் சுவாசிக்கும் காற்றிலுள்ள நைட்ரஜனும் இப்படித்தான் ரத்தத்திலும் திசுக்களிலும் கலக்கிறது. மெதுவாக மேலே வந்தால் அது சத்தமில்லாமல் மூச்சோடு போய்விடும். அவசரமாக வந்தால் குமிழாகி மூட்டுகளையும் நரம்புகளையும் தாக்கும். அதனால் நிமிஷத்துக்கு 9 மீட்டருக்கு மேல் ஏறக்கூடாது; 5 மீட்டர் ஆழத்தில் மூன்று நிமிஷம் நின்று வர வேண்டும். கையில் கட்டும் சிறிய கம்ப்யூட்டர் இந்தக் கணக்கையெல்லாம் பார்த்துக்கொள்கிறது. தப்பித் தவறி ஏதாவது நேர்ந்தாலும், அழுத்த அறையில் வைத்துச் சிகிச்சை செய்யும் வசதி பொனேரிலேயே உண்டு. ஆனால் அந்தச் சிகிச்சைக்கு ஆகும் செலவு பெரியது. சாதாரணப் பிரயாண இன்ஷூரன்ஸ் பல சமயம் ஸ்கூபாவை ஒதுக்கிவிடும். ஆகவே ஸ்கூபாவுக்கென்று தனி இன்ஷூரன்ஸ் எடுத்துக்கொள்ளாமல் விமானம் ஏற வேண்டாம்.

எப்போது போவது?

கடல் நீரின் உஷ்ணம் வருஷம் முழுவதும் 26 முதல் 29 டிகிரி வரை. வெதுவெதுப்பான குளியல் தொட்டிதான்! மழை அதிகமாக அக்டோபரிலிருந்து ஜனவரி வரை. அதுவும் நம் ஐப்பசி அடைமழை மாதிரி அல்ல, வந்து போகும் மழை. டிசம்பரிலிருந்து ஏப்ரல் வரை குளிர் தேசத்து ஜனங்கள் கூட்டமாக வருவதால் வாடகை ஏறியிருக்கும். பள்ளிக்கூட விடுமுறையை உத்தேசித்து மே மாதம் போனால் கூட்டமும் குறைவு, கடலும் நன்றாகவே இருக்கும். செப்டம்பர், அக்டோபரில் பௌர்ணமி கழிந்த சில இரவுகளில் பவளங்கள் ஒரே சமயத்தில் முத்து முத்தாகக் கருக்களை நீரில் விடும் அதிசயத்தைக் காணலாம். அனுபவம் உள்ளவர்கள் அதற்காகவே நாள் பார்த்துப் போகிறார்கள்.

நம் ஊரிலிருந்து நேர் விமானம் கிடையாது. ஐரோப்பா சென்று, ஆம்ஸ்டர்டாமில் விமானம் மாறி, அங்கிருந்து சுமார் பத்து மணி நேரம் பறக்க வேண்டும். அமெரிக்கா வழியாகவும் போகலாம். நம் கடிகாரத்துக்கும் அவர்கள் கடிகாரத்துக்கும் ஒன்பதரை மணி வித்தியாசம். ஐரோப்பாவுக்கு வாங்கும் ஷெங்கன் விசா வேறு, டச்சுக் கரிபியன் விசா வேறு. யாருக்கு எது வேண்டும், எதிலிருந்து விலக்கு உண்டு என்பதை டச்சுத் தூதரகத்தில் விசாரித்துவிட்டே டிக்கெட் வாங்குங்கள்.

செலவுக் கணக்கு எழுதும்போது விமானம், தங்குமிடம், வாடகை வண்டி, சிலிண்டரும் சாமான்களும், சாப்பாடு, இன்ஷூரன்ஸ் இவற்றோடு இரண்டு சிறிய வரிகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒன்று, 2022 ஜூலையில் ஏற்பட்ட நுழைவு வரி. பெரியவர்களுக்கு 75 டாலர். மற்றொன்று கடல் பூங்காவின் கட்டணம். 2023-ல் அது 40 டாலராக நிர்ணயிக்கப்பட்டது. போகும் சமயத்தில் மாறியிருக்கக்கூடும்; கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டாவது தொகையைக் கொடுக்கும்போது முகத்தைச் சுளிக்க வேண்டாம். நாம் பார்க்கப் போகும் பவளத்துக்குக் காவல் போடுவது அந்தப் பணம்தான்.

பெட்டியில் என்ன வைப்பது?

பட்டுப் புடவை வேண்டாம். நகை நட்டும் வேண்டாம். தொங்கும் லோலாக்கும் மின்னும் வளையலும் கண்ணாடிக் கவசத்திலும் ரப்பர்க் குழாயிலும் மாட்டிக்கொள்ளும். பளபளப்பைக் கண்டு பாரக்குடா என்ற சீலா மீன், இரை என்று ஏமாறுவதும் உண்டு. நீண்ட கூந்தலை இறுகப் பின்னி முடிந்துகொள்ளுங்கள். ஒரு மயிரிழை கவசத்தின் விளிம்பில் சிக்கினாலும் தண்ணீர் உள்ளே கசியும். மூக்குக் கண்ணாடி போடுகிறவர்கள், பவர் வைத்த கவசம் கிடைக்கிறதா என்று முன்கூட்டியே விசாரிப்பது நல்லது.

உடம்பு முழுவதும் மூடும் நீச்சல் உடை கிடைக்கிறது. வெயிலுக்கும் அதுதான் பத்திரம். கூச்சப்படுகிறவர்களுக்கும் அதுதான் சௌகரியம். முகத்துக்குப் பூசும் வெயில் களிம்பை மட்டும் பார்த்து வாங்குங்கள். ஆக்ஸிபென்ஸோன், ஆக்டினாக்ஸேட் என்ற இரண்டு ரசாயனங்கள் கலந்த களிம்புகளை 2021-லிருந்து பொனேர் தடை செய்திருக்கிறது. கையுறையும் கூடாது. உறை போட்ட கை எதையும் பிடிக்கத் துணியும்; வெறுங்கை தானாகவே அடங்கியிருக்கும் என்பது அவர்கள் கண்ட அனுபவம்.

சைவச் சாப்பாடு? சமையலறை உள்ள வீடாக வாடகைக்கு எடுத்தால் கவலை தீர்ந்தது. குழாய்த் தண்ணீர் கடல் நீரைச் சுத்திகரித்தது; தைரியமாகக் குடிக்கலாம். உள்ளூர்க்காரர்கள் சோளமாவில் கிளறும் 'ஃபுஞ்சி' நம் களிக்கு ஒன்றுவிட்ட சகோதரி. ஒரு பொட்டலம் மிளகுப்பொடியும் ஊறுகாயும் இருந்தால் அதைத் தேவாமிர்தமாக்கிவிடலாம். எடுத்துப் போகுமுன் சுங்க விதிகளைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஏழு நாள் திட்டம்

போய்ச் சேர்ந்த நாளன்று கடல் ஆசையை அடக்கிக்கொண்டு தூங்குங்கள். மறுநாள் காலை கடல் பூங்காவின் விதிகளைச் சொல்லி, முதல் இறக்கத்தை ஆழம் குறைந்த இடத்தில் சாமான்களைச் சரிபார்ப்பதற்காகவே செய்யச் சொல்வார்கள். இது எவ்வளவு தேர்ந்தவருக்கும் பொருந்தும். உடம்பைச் சமனாக மிதக்கவிடத் தெரிகிறதா என்பதுதான் பரீட்சை. காலை உதைத்துப் பவளத்தை உடைக்கிறவர் ஆழத்துக்குப் போகத் தகுதியற்றவர்.

இறங்கும்போது காதில் அழுத்தம் தோன்றும். மூக்கைப் பிடித்து மெல்ல ஊதினால் விட்டுவிடும். வலி வரும் வரை காத்திராமல் ஓரிரு அடிக்கு ஒரு முறை ஊத வேண்டும். ஜலதோஷம் இருந்தால் அன்று இறக்கம் இல்லை.

எப்போதும் ஜோடியாகத்தான் போக வேண்டும். புருஷனும் மனைவியும் ஜோடி என்றால் இன்னும் விசேஷம். ஒரு மணி நேரம் ஒருவரை ஒருவர் குறை சொல்ல முடியாது! பேச்செல்லாம் கைச் சைகைதான். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வட்டமாகச் சேர்த்தால் 'சௌக்கியம்'. கட்டைவிரலை உயர்த்தினால் 'பேஷ்' என்று நினைத்துவிடாதீர்கள். அதற்கு 'மேலே போகலாம்' என்று அர்த்தம். "எப்படி இருக்கிறது?" என்று கணவர் கேட்க, மனைவி உற்சாகமாகக் கட்டைவிரலை உயர்த்த, இருவரும் மேலே வந்து சேர்ந்து விழிப்பது நடக்கிற காரியம்தான்.

இரண்டாவது, மூன்றாவது நாட்களில் 'ஆயிரம் படி' என்ற இடத்துக்குப் போகலாம். சுண்ணாம்புக் குன்றிலிருந்து கடலுக்கு இறங்கும் படிகள் எண்ணிப் பார்த்தால் சுமார் எழுபதுதான். 15 கிலோ எடையுள்ள சிலிண்டரோடு திரும்பி ஏறும்போதுதான் அந்தப் பெயரின் நியாயம் விளங்கும்! தெற்கே உப்புத் துறை இருக்கிறது. கப்பலில் உப்பு ஏற்றும் பாலத்தின் தூண்களைச் சுற்றிப் பவளமும் பஞ்சுயிர்களும் வர்ணக் கோலம் போட்டிருக்கும். கப்பல் நிற்கும்போது அங்கே இறங்கக் கூடாது. எதிரே இருக்கும் குட்டித் தீவான 'கிளைன் பொனேர்' ஜனங்களே வசிக்காத இடம். படகில் போய் ஆமைகளோடு நீந்தி வரலாம்.

அனுபவம் ஏற ஏற, மூழ்கிய கப்பல் ஒன்றையும் பார்க்கலாம். 'ஹில்மா ஹூக்கர்' என்பது அதன் பெயர். நீளம் 72 மீட்டர். 1984-ல் பழுதாகி வந்த இந்தக் கப்பலைச் சோதித்தபோது போலிச் சுவருக்குப் பின்னே மூட்டை மூட்டையாகக் கஞ்சா அகப்பட்டது. சொந்தக்காரர் யாரும் முன்வரவில்லை. கேட்பாரற்று நின்ற கப்பல் செப்டம்பர் 12-ந் தேதி தானாகவே முழுகிப் போயிற்று. கடலடி மணலில் 30 மீட்டர் ஆழத்தில் பக்கவாட்டில் சாய்ந்து கிடக்கிறது. முழுவதும் பார்க்க மேற்பட்டம் வேண்டும்.

அங்கே காணும் பிராணிகளைப் பற்றி ஒரு புராணமே எழுதலாம். கிளி மூக்கு மீன் பாறையைக் கொறித்துக் கொறித்து மணலாகக் கழிக்கும். இரவில் தன்னைச் சுற்றிக் கோழையால் ஒரு கொசுவலை கட்டிக்கொண்டு தூங்கும். கடற்குதிரையில் பிரசவிப்பது ஆண்! நம் பக்கத்துச் சமுத்திரங்களைச் சேர்ந்த சிங்க மீனும் அங்கே உண்டு. அழகு மிகுந்த இந்த விஷமுள் மீன் மனிதர்களின் கவனக்குறைவால் அட்லாண்டிக் சமுத்திரத்தில் குடியேறி, 2009-ல் பொனேருக்கும் வந்து சேர்ந்தது. அங்கே அதைத் தின்னப் பழகிய எதிரி இல்லாததால், மற்ற மீன்குஞ்சுகளை வளைத்துத் தின்று பெருகிவிட்டது.

இறங்காதவர்கள் என்ன செய்வது?

மாமியாருக்கும் கைக்குழந்தைக்காரிக்கும் வழி என்ன என்று கேட்பீர்கள். மிதந்தபடியே குழாய் வழியாக மூச்சு விட்டுக்கொண்டு, ஒரு கண்ணாடிக் கவசத்தோடு கீழே பார்க்கலாம். பாறை கரைக்குப் பக்கத்திலேயே இருப்பதால் கரையோரத்திலேயே பாதி அதிசயம் தெரிந்துவிடும். நீரே வேண்டாம் என்பவர்களுக்கு, தெற்கே உப்பளங்களில் பூநாரைக் கூட்டம். அவற்றின் ரோஜா நிறம் பிறவியில் வந்ததல்ல. தின்னும் உப்புநீர்ப் பூச்சியிலிருந்து ஏறுவது.

உப்பளங்களுக்கு அருகே, கடலைப் பார்த்தபடி, இடுப்பளவு வாசல் வைத்த சின்னஞ்சிறு கல் குடிசைகள் வரிசையாக நிற்கும். வெள்ளை பூசிப் பார்க்க அழகாகத்தான் இருக்கின்றன. பொம்மை வீடு என்று குழந்தைகள் நினைக்கும். அவை அடிமைகள் தலை சாய்த்த இடம். வாரம் முழுவதும் கண் கூசும் வெயிலில் உப்பு வாரிச் சுமந்துவிட்டு, வார இறுதியில் வடக்கே ரின்கோன் கிராமத்தில் இருந்த பெண்டு பிள்ளைகளைப் பார்க்கப் பல மணி நேரம் நடந்தே போவார்கள். 1863-ல்தான் அவர்களுக்கு விடுதலை கிடைத்தது. உல்லாசமாகப் போகிற நாம் அந்த வாசலில் ஒரு தரமாவது குனிந்து உள்ளே பார்த்துவிட்டு வர வேண்டும். குழந்தைகளுக்கும் சொல்ல வேண்டும்.

பவளத்துக்கு வந்த நோய்

எல்லாம் நலம் என்று சொல்லி முடிக்க ஆசைதான். ஆனால் உண்மை அப்படி இல்லை. 2023-ல் பொனேரின் பவளங்களில் ஒரு கொடிய நோய் கண்டது. கல் பவளத்தின் சதையைக் கரைத்து, சில வாரங்களில் வெள்ளை எலும்பாக்கிவிடும் நோய் அது. நூறு வருஷம் வளர்ந்த பவளக் குன்று ஒன்று ஒரு பருவத்துக்குள் மடிந்துபோகலாம். அதே வருஷம் கடல் நீர் அளவு மீறிச் சூடேறியதால் பவளங்கள் வெளுத்தும் போயின. நோய் நீரோட்டத்தில் பரவுகிறது. நம் உடுப்பிலும் துடுப்பிலும் ஒட்டிக்கொண்டும் போகலாம் என்று அஞ்சுகிறார்கள். ஆகவே நோய் கண்ட இடத்திலிருந்து இன்னோர் இடம் போகுமுன் சாமான்களைக் கிருமிநாசினியில் அலசச் சொல்கிறார்கள். பெரியம்மை கண்ட வீட்டுக்குப் போய் வந்தால் நம் பாட்டிமார் கால் கழுவாமல் படியேற விடமாட்டார்கள் அல்லவா? அதே நியாயம்தான்.

இன்னொரு பக்கம், தொண்டர்கள் பவளக் கிளைகளை நீருக்கடியில் மரம் போன்ற சட்டங்களில் தொங்கவிட்டு வளர்த்து, பாறையில் நட்டு வருகிறார்கள். நாற்றங்கால் போட்டு நடவு நடுவதுபோல! பயிற்சி பெற்று, நாமும் ஒரு நாள் அந்தக் கைங்கரியத்தில் சேர்ந்துகொள்ளலாம்.

"அப்படியானால் போகாமலே இருப்பதுதானே நல்லது?" என்று உங்களுக்குத் தோன்றலாம். நியாயமான கேள்விதான். ஆனால் அத்தீவின் பிழைப்பே அந்தப் பவளத்தை நம்பித்தான். ஒழுங்காகப் போகிறவர்கள் வரும் வரையில்தான் அதைக் காப்பாற்றப் பணமும் இருக்கும், மனமும் இருக்கும். தொடாமல், மிதிக்காமல், எடுக்காமல் பார்த்துவிட்டு வருகிறவர் விருந்தாளி. ஒரு துண்டு பவளத்தைக் கைப்பையில் போட்டுக்கொண்டு வருகிறவருக்கு வேறு பெயர். அதற்குச் சட்டத்தில் தண்டனையும் உண்டு.

கடைசி நாள்

ஏழு நாள் திட்டத்தில் மிக முக்கியமானது ஏழாவது நாள். அன்று கடலில் இறங்கவே கூடாது! விமானம் உயரே போகும்போது அதனுள் அழுத்தம் குறைகிறது. உடம்பில் மிச்சமிருக்கும் நைட்ரஜனுக்கு அது சோடா மூடியைத் திறந்த மாதிரி. பல நாள் பல முறை இறங்கியவர்கள் விமானம் ஏறுமுன் குறைந்தது 18 மணி நேரம் காத்திருக்க வேண்டும். முழுசாக ஒரு நாள் விட்டால் இன்னும் நிம்மதி. "காலையில் ஒரே ஒரு முழுக்கு" என்று பிள்ளைகள் கெஞ்சுவார்கள். கணவர்கள் அதைவிட அதிகமாகக் கெஞ்சுவார்கள். மனம் இரங்காதீர்கள்.

அன்றைய தினத்துக்கென்றே ரின்கோன் கிராமத்தையும், வடக்கே 1969-ல் ஏற்பட்ட வாஷிங்டன் ஸ்லாக்பாய் தேசியப் பூங்காவையும் ஒதுக்கி வையுங்கள். கள்ளிக் காடும், பச்சைக் கிளியும், ஓணான்களுக்குப் பாட்டனான இகுவானாவும் பார்க்கலாம். நனைந்த உடுப்புகள் கொடியில் உலரட்டும்.

கடைக்காரரிடம் விடைபெறும்போது 'மாஷா தாங்கி' என்று சொல்லுங்கள். மிகவும் நன்றி என்று அர்த்தம். அவர் சிரித்துக்கொண்டே 'அயோ!' என்பார். பதறிப்போய் என்ன ஆயிற்று என்று கேட்காதீர்கள், சகோதரி! அந்த ஊர் பாஷையில் 'போய் வாருங்கள்' என்பதற்கு அதுதான் வார்த்தை.